மத்தியஸ்தம் யார் செய்வது?

காலை ஆறரை மணிக்கு எங்கள் திருநகரில் ஒரு விசில் சத்தம் கேட்கும். இங்கே தெருப் பெயரைச் சொன்னால் ஆட்டோக்காரருக்குப் புரியாது. 'இரண்டாவது ஸ்டாப்', 'மூன்றாவது ஸ்டாப்' என்று சொன்னால்தான் புரியும். அந்த ஸ்டாப்புகளுக்கு உள்ளே இருக்கும் தெருக்களில் விசில் ஊதிக் கொண்டு குப்பை வண்டி வரும். உடனே வீட்டுக்கு வீடு வாளியும் கையுமாக நாம் வாசலுக்கு வந்துவிடுகிறோம். சாம்பாருக்குப் புளி கரைத்த கையோடு ஓடி வருகிறவர்களும் உண்டு. நானும் அந்தக் கூட்டத்தில் ஒருத்திதான்.

அந்த விசில் நான்கு நாள் கேட்கவில்லை என்று வைத்துக் கொள்ளுங்கள். என்ன ஆகும்? முதல் நாள், "இன்று லீவு போலிருக்கிறது" என்போம். இரண்டாம் நாள் வாளியைக் கொல்லைப் பக்கம் நகர்த்துவோம். மூன்றாம் நாள் மூக்கைப் பிடித்துக் கொள்வோம். நான்காம் நாள், "இந்த முனிசிபாலிடிக்காரர்களுக்கு என்னதான் வேலை?" என்று ஆரம்பித்து விடுவோம். வேலைக்கு வராதவர்கள் ஏன் வரவில்லை என்று கேட்க நம்மில் எத்தனை பேருக்குத் தோன்றும்? எனக்குத் தோன்றியதில்லை. தோன்ற வைத்தது ஒரு சம்பவம். அதைத்தான் இந்த வாரம் உங்களிடம் சொல்லப் போகிறேன்.

சில காலத்துக்கு முன்பு என் அக்கா வீட்டுக்குப் போயிருந்தேன். ஊர்ப் பெயர் வேண்டாம். மதுரை அல்ல என்பது மட்டும் போதும். நான் போய் இறங்கிய அன்றைக்கு அந்த ஊரில் துப்புரவுத் தொழிலாளர்கள் வேலைக்கு வராமல் ஐந்தாவது நாள். தெருமுனையில் குப்பை மலையாகக் குவிந்திருந்தது. அக்கா மாடியிலிருந்து இறங்கவே மாட்டேன் என்று விட்டாள். அத்தானோ பேப்பரை மடக்கி வைத்துவிட்டு, "சம்பளம் வாங்கத் தெரிகிறது, வேலை செய்யத் தெரியவில்லையா?" என்று கர்ஜித்தார்.

அன்று சாயங்காலம் அக்கா வீட்டு வாசலில் ஒரு அம்மாள் வந்து நின்றாள். வழக்கமாக அந்தத் தெருவைப் பெருக்குகிறவள்தான். ஆனால் கையில் துடைப்பம் இல்லை. "அக்கா, ஒரு நூறு ரூபாய் இருந்தால் கொடுங்க, சம்பளம் வந்ததும் தந்துடறேன்" என்றாள்.

"சம்பளம்தான் வாங்குகிறாயே?" என்று அத்தான் உள்ளேயிருந்து குரல் கொடுத்தார்.

"எங்கே ஐயா? ரெண்டு மாசமாச்சு. பழைய காண்டிராக்டர் போயிட்டாரு. புதுக் காண்டிராக்டர், 'பழசு எனக்குத் தெரியாது' என்கிறாரு. ஆபீஸிலே கேட்டா, 'நீ காண்டிராக்டர் ஆளு, அங்கே போய்க் கேளு' என்கிறாங்க. காண்டிராக்டரைக் கேட்டா, 'ஆபீஸிலே பில் பாஸ் ஆகலை' என்கிறாரு. நான் யாரோட ஆளுன்னு யாராச்சும் சொன்னாத் தேவலை ஐயா. தெருவிலே பெருக்கறப்ப மட்டும் எல்லாரும் என்னை முனிசிபாலிடி ஆளுன்னுதான் கூப்பிடறாங்க."

அத்தான் வாயை மூடிக் கொண்டார். அக்கா இருநூறு ரூபாய் கொண்டு வந்து கொடுத்தாள். எனக்கு அன்றிரவு தூக்கம் வரவில்லை. 'நான் யாரோட ஆளு?' என்கிற அந்தக் கேள்வி காதிலேயே நின்றது.

சகோதரிகளே, நம் வீட்டுக் கல்யாணம் ஒன்றை நினைத்துப் பாருங்கள். சமையலைக் காண்டிராக்டாக விட்டு விடுகிறோம். தலைமைச் சமையற்காரர் பத்துப் பேரை அழைத்து வருகிறார். காய் நறுக்க, இலை போட, பாத்திரம் தேய்க்க என்று ஆளுக்கொரு வேலை. பந்தி முடிந்தது. கட்டுச்சாதக் கூடையும் கட்டியாகி விட்டது. அப்போது பாத்திரம் தேய்த்த இரண்டு பெண்கள் கொல்லை வாசலில் நிற்கிறார்கள். "எங்களுக்குக் கூலி வரலை அம்மா" என்கிறார்கள். "நான் காண்டிராக்டரிடம் கொடுத்துவிட்டேன், அவரிடம் கேளுங்கள்" என்று நாம் கதவைச் சாத்தலாமா? சாப்பிட்டது நம் சம்பந்திகள். தேய்த்தது நம் வீட்டுப் பாத்திரம்.

சட்டமும் இதைத்தான் சொல்கிறது. ஒப்பந்தத் தொழிலாளர்களுக்காக 1970-இல் இந்தியாவில் ஒரு சட்டம் வந்தது. காண்டிராக்டர் கூலி கொடுக்காவிட்டால், யாருக்காக வேலை நடந்ததோ அந்த 'முதன்மை முதலாளி' அதைக் கொடுத்தாக வேண்டும். பிறகு காண்டிராக்டரிடம் பிடித்துக் கொள்ளலாம் என்று அது சொன்னது. அதோடு நிற்கவில்லை. கூலி பட்டுவாடா ஆகும்போது முதன்மை முதலாளியின் பிரதிநிதி ஒருவர் கூடவே இருந்து பார்க்க வேண்டும் என்றும் விதித்தது. 2025 நவம்பரில் பழைய தொழிலாளர் சட்டங்கள் பலவற்றின் இடத்துக்குப் புதிய சட்டத் தொகுப்புகள் வந்தன. அவற்றிலும் முதன்மை முதலாளியின் கூலிப் பொறுப்பு தொடர்கிறது. தெருவைப் பெருக்குகிற காரியத்தில் அந்த முதன்மை முதலாளி யார்? நகராட்சி அல்லது மாநகராட்சிதான். ஆகவே, "நீ காண்டிராக்டர் ஆள்" என்று ஓர் ஆபீஸ் சொன்னால் பாதி உண்மையைத்தான் சொல்கிறது.

இங்கேதான் சிக்கல். தகராறு வந்தால் ஊர்ப் பெரியவர்கள் மத்தியஸ்தம் செய்வார்கள் என்று நாம் பழகியிருக்கிறோம். ஊருக்குப் பெரியவர் யார்? மேயர், சேர்மன், கவுன்சிலர்கள், கமிஷனர். ஆனால் இந்தத் தகராறிலே அவர்களே ஒரு கட்சி! மாமியாருக்கும் மருமகளுக்கும் வழக்கு வந்து, மாமியாரே நாட்டாமை நாற்காலியில் உட்கார்ந்தால் எப்படி இருக்கும்? மாமியார் உடைத்தால் மண்குடம், மருமகள் உடைத்தால் பொன்குடம் என்று நம் பாட்டிமார் சும்மாவா சொன்னார்கள்?

இந்தக் கேள்வி நாடு சுதந்திரம் அடைந்த கொஞ்ச காலத்திலேயே சுப்ரீம் கோர்ட்டு வரை போயிருக்கிறது. கல்கத்தாவுக்குப் பக்கத்தில் பட்ஜ் பட்ஜ் என்று ஒரு சிறிய முனிசிபாலிடி. தலைமைக் குமாஸ்தா ஒருவரையும் சானிடரி இன்ஸ்பெக்டர் ஒருவரையும் முனிசிபாலிடி வேலையை விட்டு நீக்கியது. தொழிலாளர் சங்கம் வழக்குக்குப் போயிற்று. தொழில் தீர்ப்பாயம் இருவரையும் திரும்ப எடுத்துக் கொள்ளச் சொன்னது. முனிசிபாலிடிக்கு வந்ததே கோபம்! "நாங்கள் என்ன மில்லா நடத்துகிறோம்? நாங்கள் சர்க்காரின் ஓர் அங்கம். எங்கள் வீட்டு விஷயத்தில் தொழில் தீர்ப்பாயம் எப்படித் தலையிடலாம்?" என்று மேலே மேலே அப்பீல் செய்தது. 1952 டிசம்பரில் சுப்ரீம் கோர்ட்டு தீர்ப்புச் சொன்னது. அதை எழுதியவர் நம் தமிழ் நாட்டு நீதிபதி என். சந்திரசேகர ஐயர். லாபம் சம்பாதிக்காவிட்டாலும், ஊருக்குச் சேவை செய்யும் நகராட்சிக்கும் அதன் ஊழியர்களுக்கும் நடுவே வரும் தகராறு தொழில் தகராறுதான் என்பது தீர்ப்பின் சாரம். அதாவது, மாமியார் நாட்டாமை ஆக முடியாது; வேறொருவர்தான் கேட்க வேண்டும்.

1960-இல் நாகபுரி மாநகராட்சி வழக்கில் இது இன்னும் தெளிவாயிற்று. தண்ணீர்க் குழாய், தெரு விளக்கு, சாக்கடை, மார்க்கெட், பூங்கா, தீயணைப்பு, பள்ளிக்கூடம் என்று இலாகா இலாகாவாகப் பிரித்துப் பார்த்து, இவையெல்லாம் தொழில் என்ற வரம்புக்குள் வருகின்றன என்று சுப்ரீம் கோர்ட்டு கூறியது.

அப்படியானால் அந்த 'வேறொருவர்' யார்? தொழிலாளர் இலாகாவில் சமரச அதிகாரி என்று ஒருவர் இருக்கிறார். 1947-ஆம் வருஷத்துத் தொழில் தகராறு சட்டம் அவருக்கு அந்த நாற்காலியைக் கொடுத்தது. 2025 நவம்பர் 21 முதல் அமலுக்கு வந்த தொழில் உறவுகள் தொகுப்பிலும் அவர் இருக்கிறார். இரு தரப்பையும் அழைத்து ஒரே மேஜையில் உட்கார வைத்துப் பேச வைப்பது அவர் வேலை. தீர்ப்புச் சொல்வது அவர் வேலை அல்ல. பேச்சு முடிந்து இருவரும் கையெழுத்துப் போட்டால் அந்த ஒப்பந்தம் இருவரையும் கட்டும். முடியாவிட்டால் 'சமரசம் முறிந்தது' என்று அறிக்கை எழுதுவார். முன்பெல்லாம் அதற்குப் பிறகு சர்க்கார் மனம் வைத்து வழக்கைத் தீர்ப்பாயத்துக்கு அனுப்ப வேண்டும். பல வழக்குகள் அங்கேயே உறங்கிப் போகும். இப்போதைய தொகுப்பில், குறிப்பிட்ட நாட்களுக்குள் தொழிலாளர் தரப்பே நேராகத் தீர்ப்பாயத்துக்குப் போகலாம். திடீரென்று வேலையை நிறுத்தவும் கூடாது. 14 நாள் நோட்டீஸ் கொடுக்க வேண்டும். பழைய சட்டத்தில் இந்த நோட்டீஸ் விதி துப்புரவு, தண்ணீர் போன்ற அத்தியாவசிய சேவைகளுக்கு இருந்தது. இப்போது எல்லாத் தொழிலுக்கும் வந்திருக்கிறது.

அந்த 14 நாளை நாம் எப்படிப் பார்க்க வேண்டும்? அது தொழிலாளரைக் கட்டிப் போடும் கயிறு மட்டுமல்ல. ஊரை ஆள்கிறவர்களுக்குக் கொடுத்த அவகாசம். அந்தப் பதினாலு நாளும் சும்மா இருந்துவிட்டு, பதினைந்தாம் நாள் "ஊர் நாறுகிறதே" என்றால் யார் குற்றம்?

இன்னொரு பெரிய கேள்வியும் உண்டு. பத்து வருஷம், பதினைந்து வருஷம் ஒரே தெருவைப் பெருக்குகிறவர்கள் நிரந்தர ஊழியரா, இல்லையா? தமிழ் நாட்டில் 1981-இல் வந்த சட்டம், 24 மாதங்களுக்குள் 480 நாள் வேலை செய்தவரை நிரந்தரமாக்க வேண்டும் என்றது. ஆனால், 2001-இல் சுப்ரீம் கோர்ட்டு, ஒப்பந்த முறை ஒழிக்கப்பட்டாலும் அந்தத் தொழிலாளர்கள் தாமாகவே நிரந்தரமாகி விடமாட்டார்கள் என்று தீர்ப்பளித்தது. ஒப்பந்தம் வெறும் கண்துடைப்பு என்று ருசுவானால் மட்டும் அவர்கள் முதன்மை முதலாளியின் ஆட்கள். கண்துடைப்பா, நிஜமா என்று விசாரித்துச் சொல்ல வேண்டியது தொழில் தீர்ப்பாயம். அந்த அம்மாளின் 'நான் யாரோட ஆளு?' என்ற கேள்விக்குப் பதில் சொல்ல நம் நாட்டில் இவ்வளவு பெரிய கோர்ட்டுகள் வேண்டியிருக்கின்றன, பார்த்தீர்களா!

மத்தியஸ்தம் என்றால் நம் தேசத்தில் நினைவுக்கு வர வேண்டிய ஒரு பெண்மணி இருக்கிறார். 1918-இல் ஆமதாபாத்தில் மில் தொழிலாளருக்கும் முதலாளிகளுக்கும் கூலித் தகராறு. முதலாளிகள் தரப்பில் முன் நின்றவர் அம்பாலால் சாராபாய். தொழிலாளர் தரப்பில் நின்றவர் யார் தெரியுமா? அவருடைய சொந்தச் சகோதரி அனசூயா! 35 சதவிகிதம் உயர்வு வேண்டும் என்பது தொழிலாளர் கோரிக்கை. 20-க்கு மேல் இல்லை என்றார்கள் முதலாளிகள். காந்திஜி மூன்று நாள் உபவாசம் இருந்தார். கடைசியில் இரு தரப்பும் ஒப்புக் கொண்ட பொதுவான மனிதர் ஒருவரிடம் வழக்கு ஒப்படைக்கப்பட்டது. ஆனந்தசங்கர் துருவா என்ற பேராசிரியர் அவர். அவர் சொன்ன தீர்ப்பு 35 சதவிகிதம். அக்காவும் தம்பியும் எதிர் எதிரே நின்றாலும், நடுவே ஒரு மூன்றாம் மனிதருக்கு இடம் விட்டதால்தான் வழக்கு முடிந்தது.

இடம் விடாவிட்டால் என்ன ஆகும் என்பதற்கு அமெரிக்காவில் மெம்பிஸ் நகரக் கதை இருக்கிறது. 1968 பிப்ரவரி 1-ஆம் தேதி மழைக்கு ஒதுங்கிய இரண்டு துப்புரவுத் தொழிலாளர்கள் குப்பை லாரியின் இயந்திரத்தில் சிக்கி நசுங்கி இறந்தார்கள். பதினோரு நாள் கழித்து சுமார் 1,300 பேர் வேலைக்குப் போகவில்லை. நகர மேயர், "இது சட்ட விரோதம், சங்கத்தை அங்கீகரிக்கவே மாட்டேன்" என்று பிடிவாதம் பிடித்தார். 'நானும் ஒரு மனிதன்' என்று எழுதிய அட்டைகளைக் கழுத்தில் மாட்டிக் கொண்டு தொழிலாளர்கள் ஊர்வலம் போனார்கள். அவர்களுக்கு ஆதரவாக வந்த மார்ட்டின் லூதர் கிங் ஏப்ரல் 4-ஆம் தேதி அந்த ஊரிலேயே சுட்டுக் கொல்லப்பட்டார். அதன் பிறகு ஜனாதிபதி ஜான்சன் வெளியிலிருந்து ஒரு மத்தியஸ்தரை அனுப்பினார். ஏப்ரல் 16-ஆம் தேதி ஒப்பந்தம் ஆயிற்று. சங்கம் அங்கீகரிக்கப்பட்டது, கூலியும் உயர்ந்தது. பிப்ரவரியிலேயே மேஜை போட்டு உட்கார்ந்து பேசியிருக்கக் கூடாதா என்றுதான் நம் மனம் கேட்கிறது.

அவ்வளவு தூரம் எதற்கு? நம் சென்னையிலேயே 2025 ஆகஸ்டில் பார்த்தோமே! ராயபுரம், திரு.வி.க. நகர் ஆகிய இரண்டு மண்டலங்களின் துப்புரவு வேலையைத் தனியாரிடம் ஒப்படைத்ததை எதிர்த்து, ரிப்பன் மாளிகை வாசலில் தொழிலாளர்கள் உட்கார்ந்தார்கள். அவர்களில் ஏராளமானோர் பெண்கள். பதின்மூன்று நாள் வெயிலிலும் மழையிலும் நடைபாதையிலேயே இருந்தார்கள். மந்திரிகளும் மேயரும் பேசினார்கள், முடிவு ஏற்படவில்லை. நடைபாதையை விட்டு அவர்களை அகற்றும்படி ஹைகோர்ட்டு உத்தரவிட, ஆகஸ்ட் 13-ஆம் தேதி நள்ளிரவில் போலீசார் அவர்களை அப்புறப்படுத்தினார்கள். தனியாரிடம் விடுவது சரியா, தவறா என்று இரு பக்கமும் பேச நியாயம் இருக்கலாம். ஆனால், வேலை கைமாறுவதற்கு முன்னால் நடந்திருக்க வேண்டிய பேச்சு, கைமாறிய பிறகு நடைபாதையில் நடந்தது. அதுதான் நாம் கவனிக்க வேண்டிய விஷயம்.

"அப்படியானால் உள்ளூர் ஆட்சிக்கு இதில் ஒரு பங்கும் இல்லையா?" என்று கேட்பீர்கள். நிறைய இருக்கிறது! அது நீதிபதி அல்ல. ஆனால் வழக்கே வராமல் செய்யக் கூடியது. டெண்டர் எழுதும்போதே கூலி எவ்வளவு, பிராவிடண்டு பண்டு எவ்வளவு, காண்டிராக்டர் மாறினால் பழைய ஆட்களின் கதி என்ன என்று எழுதி வைக்கலாம். பில்லை மாதா மாதம் பாஸ் செய்து, கூலி கைக்குப் போயிற்றா என்று பார்க்கலாம். தகராறு வந்துவிட்டால் சமரச அதிகாரி முன்னால் ஒரு குமாஸ்தாவை அனுப்பி வாய்தா வாங்காமல், முடிவு சொல்லும் அதிகாரம் உள்ளவரை அனுப்பலாம். மத்தியஸ்தம் செய்வது வேறு. மத்தியஸ்தத்துக்கு வழி விடுவது வேறு. இரண்டாவது காரியத்தை யாரும் தடுக்கவில்லை.

எங்கள் திருநகர் 2011 வரை தனிப் பேரூராட்சியாக இருந்தது. பக்கத்து ஹார்விபட்டியும் அப்படியே. அந்த வருஷம்தான் மதுரை மாநகராட்சி 72 வார்டிலிருந்து 100 வார்டாகப் பெருகியபோது நாங்களும் அதில் சேர்ந்தோம். 1866-இல் முனிசிபாலிடியாகப் பிறந்து 1971-இல் கார்ப்பரேஷன் ஆன பெரிய வீட்டுக்குப் புது மருமகளாகப் போன மாதிரி! முன்பு நடந்து போய்க் கேட்கக் கூடிய ஆபீஸ். இப்போது தலைமை ஆபீஸ் தல்லாகுளத்தில். வீடு பெரிதானால், சமையலறைப் பேச்சு கூடத்துக்குக் கேட்காது. அதனால்தான் வார்டு கவுன்சிலர் என்று ஒருவரை நாம் அனுப்புகிறோம். 2022-இல் நடந்த நகர்ப்புறத் தேர்தலில் பாதி இடங்கள் பெண்களுக்கு ஒதுக்கப்பட்டன என்பதையும் நினைவில் வைத்துக் கொள்ளுங்கள். சாக்கடை அடைப்புக்கும் தெரு விளக்குக்கும் அவரிடம் போகிற நாம், "நம் தெருவைப் பெருக்குகிறவர்களுக்குச் சம்பளம் ஒழுங்காக வருகிறதா?" என்று ஒரு தடவை கேட்டால் என்ன?

அக்கா ஊர்க் கதையை முடிக்காமல் விட்டால் என்னை மன்னிக்க மாட்டீர்கள். அந்த அம்மாள் வந்து போன மறுநாள் அக்கா மாடியை விட்டு இறங்கினாள். தெருவில் ஆறு பெண்களைச் சேர்த்துக் கொண்டு கவுன்சிலர் வீட்டுக்குப் போனாள். "குப்பையை எடுக்கச் சொல்லுங்கள்" என்று கேட்கவில்லை. "சம்பளப் பாக்கி ஏன், அதை மட்டும் எங்களுக்குச் சொல்லுங்கள்" என்று கேட்டாள். கவுன்சிலரும் ஒரு பெண்தான். கொஞ்சம் திகைத்துவிட்டு, அங்கேயே போனை எடுத்தார். பழைய காண்டிராக்டருக்குச் சேர வேண்டிய கடைசிப் பில், ஏதோ ஒரு கையெழுத்துக்காக ஒரு மேஜையில் கிடந்ததாம். மூன்றாம் நாள் ஒரு மாதச் சம்பளம் வந்தது. விசிலும் கேட்டது. இன்னொரு மாதப் பாக்கிக்கு இரு தரப்பும் சமரச அதிகாரியிடம் போயிருக்கிறார்கள். அந்த வழக்கு இன்னும் முடியவில்லை. ஆகவே, சுபம் என்று போட எனக்குத் துணிவில்லை.

ஆனால் ஒரு விஷயம். சம்பளம் வந்த அன்றே அந்த அம்மாள் இருநூறு ரூபாயைக் கொண்டு வந்து நீட்டினாளாம். அக்கா வேண்டாம் என்றதற்கு, "கடனை வைச்சுக்கிட்டா நாளைக்கு உங்க வாசலைப் பெருக்கறப்ப தலை நிமிர முடியாது அக்கா" என்றாளாம். வாங்கி உள்ளே வைத்தவர் யார் தெரியுமா? அத்தான். வாங்கிவிட்டு, "உன் பேர் என்னம்மா?" என்று கேட்டாராம். பன்னிரண்டு வருஷமாக அவர் வீட்டு வாசலைப் பெருக்குகிறவளிடம் அன்றைக்குத்தான் அந்தக் கேள்வியைக் கேட்டிருக்கிறார்.

நாளைக் காலை உங்கள் தெருவில் விசில் கேட்கும். வாளியோடு வாசலுக்குப் போகும்போது நீங்களும் கேட்டுப் பாருங்களேன். பேரைக் கேட்ட பிறகு, சம்பளம் வந்ததா என்றும் ஒரு வார்த்தை.